கச்சான் சரையும் கட்ட விளையாட்டும்

கே: சும்மா பொழுதுபோக்கத்தான் 2048 என்ற புதிர் விளையாட்டைப் போனில் இறக்கினேன். காசும் கேட்கவில்லை. இப்போது இரவு ஒரு மணியானாலும் கை விடுகுதில்லையே, ஏன்?
– வாசகர், கிளிநொச்சி

ப: முறிகண்டியில் பஸ் நிற்கும்போது கச்சான் சரை வாங்கியிருப்பீர்கள்தானே? "இன்னும் ஒன்று" என்று தொடங்கினால் மாங்குளம் வருமுன் மடியில் கோதுதான் மிச்சம். இதுவும் அந்தக் கதைதான். 2014இல் கப்ரியேல் சிருல்லி என்ற 19 வயது இத்தாலியப் பெடியன் ஒரே வார இறுதியில் செய்து முடித்த விளையாட்டு. ஒரே எண் உள்ள கட்டங்களை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும்: இரண்டும் இரண்டும் நாலு, நாலும் நாலும் எட்டு. பாலர் வகுப்புக் கணக்கு! ஆனால் 1024 வரை ஏறியபிறகு 16 கட்டமும் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு நித்திரை எங்கே வரும்? 2048ஐத் தொட்டாலும் விடாது, 4096 என்று கூப்பிடும். இந்தப் பதிலே இரண்டு நாள் பிந்தித்தான் அச்சுக்குப் போகிறது.