விசில் எண்ணுதல்: ஓர் ஆய்வு

“மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சுடு” என்பது தமிழ் வீடுகளில் நாள்தோறும் பிறக்கும் ஆணை. இட்டவர் குளிக்கவோ படுக்கவோ போய்விடுவார். ஏற்றவர் “சரி” என்பார். பிறகு பருப்பு கூழாகும். அந்தச் “சரி”க்கும் இந்தக் கூழுக்கும் நடுவே நிகழ்வது என்ன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். ஆய்வாளனின் தகுதி: இருபது ஆண்டுகளாக விசிலைத் தவறாக எண்ணிய அனுபவம்.

வரலாறு. 1679இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், எலும்பையும் மெத்தென்று ஆக்கும் இறுக்கமான பாத்திரம் ஒன்றை லண்டன் அறிஞர்களுக்குக் காட்டினார். குக்கரின் கொள்ளுப்பாட்டி அதுதான். உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீரின் வெப்பம் 100 பாகையைத் தாண்டி ஏறத்தாழ 120 வரை போகிறது. மிஞ்சிய ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் ஓசையே விசில். ஆகவே விசில் சொல்வது அழுத்தத்தை, நேரத்தை அல்ல. தீயைக் கூட்டினால் நெருங்கி வரும், குறைத்தால் தள்ளி வரும். சங்கீதக்காரர்கள் பாஷையில், காலப்பிரமாணம் நிற்காத வித்வான்.

சிக்கல். கச்சேரி ரசிகர் எண்ணிக்கையில் சோடை போகாதவர். ஆதி தாளத்தின் 8 அட்சரங்களைத் தூக்கத்திலும் தொடையில் தட்டுவார். அட தாள வர்ணத்தின் 14 அவருக்குப் பழக்கம். மகா வைத்தியநாத ஐயர் 128 அட்சரங்கள் கொண்ட சிம்மநந்தன தாளத்தில் தில்லானாவே செய்தார் என்று பெருமையோடு சொல்வார். அப்பேர்ப்பட்டவர் மூன்று வரை எண்ணத் திணறுவது ஏன்?

சோதனை. முதல் நாள், கையில் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’. பாபு ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்கும் இடம். முதல் விசில் எங்கள் அடுப்பங்கரையில் கேட்டது. இரண்டாவது கும்பகோணத்தில் எங்கோ கேட்டது. அதைப் பாபுவின் கணக்கில் எழுதிவிட்டேன்.

இரண்டாம் நாள், ரேடியோவில் கீர்த்தனை. விசில் அச்சாகச் சமத்தில் வந்து விழுந்தது. “பேஷ்!” என்றேன். பாராட்டினேனே ஒழிய எண்ணவில்லை.

கோட்பாடு. இரண்டு நாள் கூழ் சாப்பிட்டதில் ஓர் உண்மை பிடிபட்டது. தாளத்தில் நாம் எட்டு வரை எண்ணுவதே இல்லை. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு இரண்டு முறை தட்டும் வீச்சும். கை தன்பாட்டுக்குப் போகும், மனம் பாட்டில் கிடக்கும். ஆகவே எண்ணும் உறுப்பு கையே. மூன்று விசிலைத் திஸ்ர லகுவாகக் கொள்க: முதல் விசிலுக்குத் தட்டு, இரண்டாவதற்குச் சுண்டுவிரல், மூன்றாவதற்கு மோதிரவிரல். இவ்வளவு சவுக்கமான காலத்தில் எந்த மேடையிலும் எவரும் லகு போட்டதில்லை என்பது இதன் தனிச்சிறப்பு.

மெய்ப்பிப்பு. மூன்றாம் நாள், ரேடியோவில் ஆலாபனை. ஆலாபனைக்குத் தாளம் கிடையாது. கை முழுவதும் குக்கருக்கே சொந்தம். தட்டினேன். சுண்டுவிரலில் நின்றேன். அதற்குள் ராகம் என்னவென்று தேட மனம் கிளம்பிவிட்டது. பைரவி என்று முடிவு கட்டிய மகிழ்ச்சியில் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினேன், சுண்டுவிரல் கொண்டே. அத்தோடு லகு கலைந்தது. பக்கத்து வீட்டு குக்கரும் அந்த நேரம் பார்த்து, ஏறக்குறைய அதே சுருதியில் பாட ஆரம்பித்தது.

கூடத்து ஊஞ்சலில் கண்மூடிப் படுத்திருந்த அம்மாவிடமிருந்து குரல் வந்தது.

“அஞ்சு கேட்டுது. அதுல ரெண்டு பக்கத்து வீட்டுது. நம்மது மூணு, போய் அணை. அப்புறம், அது பைரவி இல்லடா, மாஞ்சி.”

அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, ஆய்வாளனுக்குரிய கூர்மையோடு அம்மாவின் கையைப் பார்த்தேன். தட்டும் இல்லை, விரலும் மடங்கவில்லை. புடவைத் தலைப்பைப் பிடித்தபடி அது அசையாமல் கிடந்தது.

முடிவு. அன்று பருப்பு பதமாக வெந்திருந்தது. கோட்பாடுதான் குழைந்துவிட்டது.