டிரைவ்-இன் கிட்ட நிறுத்துப்பா

மயிலாப்பூரில் ஒரு பெரியவர். வயது 75. ஆட்டோவில் ஏறியதும், "கதீட்ரல் ரோடு போப்பா, டிரைவ்-இன் கிட்ட நிறுத்திடு" என்பார். ஓட்டுபவருக்கு 23 வயது இருக்கும். உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மூடிய 2008-ல் அவருக்குப் பால் பல்கூட விழுந்திருக்காது. கைப்பேசியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "செம்மொழிப் பூங்காவா சார்?" என்று கேட்பார்.

"அதேதான். அதை ஏம்ப்பா அப்படிச் சொல்றே?"

பெரியவரின் சென்னை வரைபடம் இப்படித்தான். அதில் இருக்கும் கடைகளில் முக்கால்வாசி இப்போது இல்லை. ஊரே அப்படித்தான் என்று அவர் வாதாடுவார். ஜெமினி ஸ்டூடியோ போய் எத்தனை காலமாயிற்று! மேம்பாலத்துக்கு 'அண்ணா' என்று பேர் வைத்தும் ஜனங்கள் 'ஜெமினி'யில்தானே இறங்குகிறார்கள்?

டிரைவ்-இன் 1962-ல் வந்தது. மர நிழலில் காரை நிறுத்தினால் சர்வர் வந்து ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார். காருக்குள் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிடலாம், சாம்பார் சீட்டில் சிந்தாதவரை. பெரியவரிடம் அன்று இருந்தது சைக்கிள். ஹாண்டில்பாரில் தட்டு மாட்ட முடியுமா என்று ஒருமுறை சர்வரிடம் கேட்டாராம். சர்வர் சிரிக்கவில்லையாம். அதன் பிறகு, காரில்லாத மற்றவர்களைப் போல உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அங்கேதான் உண்மையான ஊர் இருந்தது. தோல் பையோடு மெடிக்கல் ரெப்கள், வகுப்புக்கு மட்டம் போட்ட மாணவர்கள், கதை விவாதம் நடத்தும் சினிமாக்காரர்கள். ஒரு காபிக்கு அரை நாள் கணக்கு. அங்கே பேசப்பட்ட கதைகளில் பாதி படமாகியிருந்தாலும் கோடம்பாக்கம் தாங்கியிருக்காது. கடைசியில் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2010-ல் அங்கே பூங்கா வந்தது. மரங்கள் இருக்கின்றன, சோலா பட்டூராதான் இல்லை.

தாசப்பிரகாஷ் ஐஸ்கிரீம் பற்றி அவர் ஆரம்பித்தால் வீட்டம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "பூந்தமல்லி ஹைரோடு வரைக்கும் ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போனார். அதை அம்பது வருஷமா சொல்லிண்டிருக்கார்." அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

உடனே மூர் மார்க்கெட்டுக்குத் தாவுவார். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 1900-லிருந்து நின்ற சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, புறா, வண்ண மீன், எல்லாம் ஒரே கூரையின் கீழ். சொன்ன விலையில் கால் பங்குக்குக் கேட்கவில்லை என்றால் கடைக்காரரே மதிக்க மாட்டார். ஒருநாள் ஒரு துப்பறியும் நாவலுக்கு நம் பெரியவர் அடித்த பேரத்தில் கடைக்காரர் களைத்துப்போய், "கடைசி ரெண்டு பக்கம் இல்லாத காப்பி ஒண்ணு இருக்கு, அதை வேணா நீ கேட்ட விலைக்கு எடுத்துக்கோ" என்றிருக்கிறார். இவர் எடுத்துக்கொண்டார். கொலை செய்தது யார் என்பது எட்டு வருஷம் கழித்துக் கன்னிமாரா நூலகத்தில்தான் தெரிந்தது.

1985 மே மாதம் மார்க்கெட் எரிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் மவுண்ட் ரோட்டில் பழைய ஸ்பென்சர் கட்டடமும் தீக்கிரையாகியிருந்தது. இந்த இரண்டையும் சொல்லும்போது மட்டும் அவர் நகைச்சுவை எதுவும் சேர்ப்பதில்லை.

போன மாதம் பேரன், "தாத்தா, ரத்னா கஃபேயில் இட்லி சாப்பிடப் போலாமா?" என்று கேட்டான். திருவல்லிக்கேணியில் 1948-லிருந்து இருக்கும் கடை; இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுத் தருவார்கள். "அது எங்கே ஓடிடப் போறது? அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு டிரைவ்-இன் காபியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த டிரைவ்-இன் மூடுவதற்கு முந்தைய மூன்று வருஷம் அவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை என்று வீட்டம்மாள் சொல்கிறார். திறந்திருக்கும் கடைமேல் பெரியவருக்குப் பாசம் வருவதே இல்லை.

சென்ற வாரம் ஆவடிக்குப் போக வேண்டியிருந்தது. ஆட்டோவில் ஏறி, "மூர் மார்க்கெட் போப்பா" என்றார். ஓட்டுநர் மறுபேச்சில்லாமல் புறநகர் ரயில் நிலைய வாசலில் கொண்டுபோய் இறக்கினார். மார்க்கெட் இருந்த இடத்தில் எழுந்த அந்த நிலையத்துக்கு ரயில்வே அட்டவணையில் இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றுதான் பெயர்.