பத்து நிமிடப் பெருந்தகைகள்

புதுக்கோட்டைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை மனதாரப் புகழத் தோன்றுகிறது. திருக்கோகர்ணத்தில் 1910-இல் சமஸ்தானம் தொடங்கிய அருங்காட்சியகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்த்து வைத்ததை அவர்கள் பத்தே நிமிடத்தில் பார்த்து முடிக்கிறார்கள். பாறைகள், செப்புத் திருமேனிகள், தீர்த்தங்கரர் சிலைகள், போர்க்கருவிகள் எதுவும் அவர்களைத் தடுத்து நிறுத்துவதில்லை. பாடம் செய்த விலங்குகளுக்கு மட்டும் தனி மரியாதை உண்டு; அங்கே ஒரு செல்ஃபிக்கு நிற்பார்கள்.

மன அமைதியையும் சொல்ல வேண்டும். அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் அம்மன் காசு, விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய சின்னஞ்சிறு செப்புக்காசு. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள்; மறுபக்கம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசையும் தொண்டைமான் அரசு தானமாக வழங்கியது. அந்த அம்மன் இதே திருக்கோகர்ணத்தில்தான் கோயில் கொண்டிருக்கிறாள். தமிழ்ச் சீமையின் காசில் தெலுங்கெழுத்து எப்படி வந்தது? எந்தக் கேள்வியும் உள்ளே எழாமல் அடுத்த பெட்டிக்கு நகரும் நிதானம் முனிவர்க்கும் வாய்க்காது. பள்ளிச் சுற்றுலாவில் வந்த ஒரு சிறுவன் மட்டும் கண்ணாடியில் மூக்கு பதிய நின்று, “சார், இதுல என்ன சார் எழுதியிருக்கு?” என்றான். “நட, நட, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று உடனே பதில் வந்தது. வரிசை குலையாமல் பிள்ளைகளை வெளியே சேர்த்த அந்த ஆசிரியரின் கடமையுணர்ச்சியை என்னவென்பது!

சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக்குள ஓவியம் இருக்கிறது. யானை, மீன், அன்னம், பூப்பறிப்போர் என எல்லாம் அதில் உண்டு. ஒருமுறை நிமிர்ந்து பார்த்து “கலர் போயிடுச்சே” என்று ஆயிரமாண்டு கடந்த ஓவியத்துக்குத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

தொலைநோக்கிலும் குறைவில்லை. 1898-இல் இம்மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் ரோமானியப் பொற்காசுகள் 501 கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமேல் வெட்டுத் தழும்பு. மீண்டும் புழங்காதிருக்க யாரோ வேண்டுமென்றே வெட்டியது. அவற்றில் பல லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மாளிகையில் நம்மவர்களைப் பார்க்க வேண்டும்: பகல் முழுக்கக் கால் கடுக்க நடக்கிறார்கள், பெயர்ப்பலகை ஒவ்வொன்றையும் படிக்கிறார்கள், “நம்ம பக்கம் இப்படி ஒண்ணு இல்லையே” என்று உண்மையாகவே ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்தோடு திருச்சியில் விமானம் இறங்கி, திருக்கோகர்ணத்தைத் தாண்டி, செட்டிநாட்டு விருந்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.