வேற்றுக்கிரகவாசிகள் தஞ்சாவூரில் இறங்காதது ஏன்?

அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களைக் கதைக்காகப் பார்ப்பவர்கள் ஒரு ரகம். கதாநாயகனுக்குப் பின்னால் நிற்கும் பாறையைப் பார்ப்பவர்கள் இன்னொரு ரகம். பின்னவர்களின் முறையியலைக் காவிரி டெல்டாவுக்குப் பொருத்திப் பார்க்கிறது இக்கட்டுரை. இப்படியோர் ஆய்வு வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை என்பது இதன் முதல் தகுதி.

முதலில் பாறை. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் 1967-இல் கேப்டன் கிர்க், கார்ன் என்ற பல்லிமனிதனோடு கட்டிப்புரண்டது தொலைதூரக் கிரகம் ஒன்றில். நிஜத்தில் அது லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே உள்ள வாஸ்குவெஸ் பாறைகள். சாய்ந்து நிற்கும் அந்தப் பாறைகளே மற்ற அத்தியாயங்களில் மற்ற கிரகங்களாகவும் வந்துபோயின. 1870-களில் அங்கே ஒளிந்திருந்த திபுர்சியோ வாஸ்குவெஸ் என்ற கொள்ளைக்காரனால் வந்த பெயர் அது. இங்கிலாந்தின் ‘டாக்டர் ஹூ’ குழுவினர் கல்குவாரிப் பிரியர்கள். 1979-இல் அத்தொடரின் வில்லன்களான டாலெக்குகளின் தாய்க்கிரகமாக நடித்தது டார்செட் கடலோரத்து வின்ஸ்பிட் குவாரி. ஆக, விதி எளிது: ஸ்டூடியோ வேன் போய்ச் சேரும் தூரத்தில் கல் இருந்தால் அது வேற்றுக்கிரகம்.

டெல்டா இங்கேயே தோற்றுவிடுகிறது. வண்டலைத் தோண்டினால் வண்டல். 1010-இல் முடிந்த பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியூரிலிருந்துதான் வந்தது. அந்தக் கோயில் விமானத்தின் வடபுறத்தில் தொப்பி போட்ட ஓர் உருவம் இருக்கிறது. ‘வெள்ளைக்காரர்’ என்று வழிகாட்டிகள் கைநீட்டுவார்கள். இராஜராஜன் காலத்தில் ஏது தொப்பி? பிற்காலத்தில் சேர்த்த வேலை என்பதே பொருத்தமான விளக்கம். 1620-இல் இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் இறங்கியிருந்தார்கள். வந்தவர்கள் கடல்வழியே வந்தார்கள், பாறை தேடவில்லை.

உப்பு விஷயத்தில் டெல்டாவுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். 1966-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ அத்தியாயம் ஒன்றில் மனித உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சும் ஒரு பிராணி. அதற்காக நவநாகரிக உப்புக் குப்பிகள் வாங்கினார்கள். அவற்றைப் பார்த்தால் உப்புக் குப்பி என்றே யாருக்கும் தோன்றாது என்பதால், டாக்டர் மெக்காயின் அறுவைசிகிச்சைக் கருவிகளாக்கிவிட்டார்கள். அந்தப் பிராணி வேதாரண்யம் உப்பளத்தில் இறங்கியிருந்தால் ஓர் உயிரும் போயிருக்காது.

உடை பற்றிச் சுருக்கமாக. கிர்க்கின் பொன்னிறச் சட்டை நிஜத்தில் பச்சை. விளக்கும் ஃபிலிமும் சேர்ந்து செய்த மாயம். சிவப்புச் சட்டைக்காரர் முதலில் சாவார் என்பது உலகறிந்த சூத்திரம். 1980-களில் தூர்தர்ஷனில் இத்தொடரைக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்த வீடுகளில் எல்லாச் சட்டையும் சாம்பல் நிறம். யார் சாவார் என்ற சஸ்பென்ஸை முழுசாக அனுபவித்தவர்கள் அவர்கள்தான்.

இனி நடமாட்டம். டாலெக் என்பது நெல் கொட்டும் குதிருக்குச் சக்கரம் வைத்தது மாதிரி இருக்கும். அதனால் படியேற முடியாது என்ற கேலி பல வருஷம் ஓடியது. 1988-இல் ஒரு டாலெக் படிக்கட்டின் மேல் மிதந்து ஏறிக் கேலியை நிறுத்தியது. 1977-இல் வந்த கே-9 என்ற எந்திர நாய்க்கு மேடுபள்ளமே ஆகாது. இரண்டையும் ஐப்பசி மழையில் வரப்பில் இறக்கினால் கதை முதல் மடையிலேயே முடியும். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவுக்கு இது தெரிந்திருக்கும். ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற எந்திர நாயை அவர் எதிர்கால நகரத்தில் உலவவிட்டார், சேற்றில் இறக்கவில்லை. தூர்தர்ஷனில் தொடராக வந்தபோதும் ஜீனோ தப்பித்தது.

மிச்சம் இருப்பது பருவக் கேள்வி. குறுவை, சம்பா, தாளடி என்று வயல் பச்சையாகவே இருக்கும். அறுப்புக்கு முன்பே நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவதால் தை, மாசியிலும் இடம் காலியில்லை. சித்திரையில்தான் வயல் பாளம் பாளமாக வெடித்து, கை நுழையும் பிளவுகளோடு கிடக்கும். வெடிப்பின் ஓரத்தில் நிற்கும் அரிதாளைப் பிடுங்கிவிட்டு, கேமராவைத் தாழ வைத்துத் தென்னை தெரியாமல் எடுத்தால், செட் போடாமலே செவ்வாய் கிடைக்கும். வாஸ்குவெஸ் பாறை பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அதே மாதத்தில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் வந்து ஆட்டுக்கிடை போடுவார்கள். உரம் தரும் கிடையா, வாடகை தராத விண்கலமா என்றால் மிராசுதார் யோசிக்கவே மாட்டார்.

எனவே படப்பிடிப்புக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: கிடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், ஜூன் 12-க்குள் மூட்டை கட்டுங்கள். மேட்டூர் திறக்க வழக்கமாகக் குறிக்கும் தேதி அது. தண்ணீர் வந்துவிட்டால் செவ்வாயில் நாற்று நட ஆள் வந்துவிடும்.