பொட்டுவெடித் துப்பாக்கி: பழுதும் பார்க்கும் முறையும்

பொட்டுவெடித் துப்பாக்கி என்பது மருந்துப் பொட்டுகள் வைத்த தாளான சுருள் கேப்பின் மேல், குதிரை எனப்படும் ஒரு சிறிய சுத்தி வந்து விழுந்து 'டப்' என்று சத்தம் எழுப்பும்படி செய்த விளையாட்டுக் கருவி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வீடுகளில் இதன் நிரந்தர முகவரி பரண். தீபாவளிக்குச் சில நாள் முன்பு கீழே இறங்கும். இறங்கியதும் வேலை செய்யாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி சுமார் இருபது கிலோமீட்டர்தான், புதிதாக ஒன்று வாங்கி வருவதே சிக்கனம். ஆனாலும் பழையதைத்தான் சரிசெய்வார்கள். "அந்தக் காலத்துத் தகரம்ல" என்று தாத்தா சொல்லிவிட்டால் அதற்கு மேல் அந்த வீட்டில் வரவு செலவு பேச முடியாது.

நிஜத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேட வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி வைத்திருக்க ஓர் உரிமம், பழுதுபார்க்க வேறோர் உரிமம். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் உண்டு. பொட்டுவெடித் துப்பாக்கியை எந்தத் தேர்தலுக்கும் யாரும் கேட்டதில்லை.

பழுதின் மூலம் கேப்பிலேயே இருக்கிறது. பொட்டில் இருப்பவை முக்கியமாக இரண்டு: பொட்டாசியம் குளோரேட், சிவப்புப் பாஸ்பரஸ். தீப்பெட்டியிலும் இவைதான். ஆனால் அங்கே குளோரேட் குச்சியின் தலையில் இருக்கும், பாஸ்பரஸ் பெட்டியின் விலாவில் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்வீடன்காரர்கள் இப்படிப் பிரித்து வைத்ததால்தான் பாதுகாப்பான தீப்பெட்டி கிடைத்தது. 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊருக்குக் கொண்டுவந்த தொழிலும் அதுவே. கேப்பு தயாரிப்பவரோ, தனிக்குடித்தனம் வைத்த இருவரையும் மறுபடி ஒரே வீட்டில் சேர்த்து, மேலே ஒரு தாளையும் ஒட்டிவிடுகிறார். அப்புறம் ஒரு தட்டு போதும்.

சத்தம் அடங்கியபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பு. புகையாகப் போகிற பாஸ்பரஸ் ஆக்சைடும் ஈரத்தைக் கண்டால் பாஸ்பாரிக் அமிலமாகும். தீபாவளி வருவது ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை நேரத்தில். உப்பு, அமிலம், மழைக்காற்று மூன்றையும் தகரத்தின்மேல் பூசி ஒரு வருடம் பரணில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. கடைக்காரர் மேல் பழி போடுவதில் நியாயம் இல்லை.

இந்த இடத்தில் வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் ஒருமனதாகப் பரிந்துரைப்பது தேங்காய் எண்ணெய். உப்பு எண்ணெயில் கரையாது. துருவும் உப்பும் இருந்த இடத்திலேயே இருக்க, மேலே ஒரு பளபளப்பு மட்டும் வரும். நாள்பட்டால் அந்த எண்ணெய் பிசுக்காகிப் புழுதியைச் சேர்க்கும். மார்கழியில் உறைந்து விசையையும் பிடித்துக்கொள்ளும். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். வெந்நீரில் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட வேண்டும். துருப்பிடித்த சாமானைத் தண்ணீரில் போடுவதா என்று அத்தை கேட்பார். கேள்வி நியாயமானது, பதில் வேதியியலில் இருப்பதால் அடுக்களையில் எடுபடாது. வெந்நீரை அவர் பார்க்காத நேரத்தில் வைப்பது நல்லது.

கழுவுவதற்கு முன் கேப்புச் சுருளைக் கழற்றிவிட வேண்டும். வெடிக்காமல் தங்கிய மருந்தை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுரண்டக் கூடாது, உரசலுக்கும் அது வெடிக்கும். ஈரத்துணியால் நனைத்துத் துடைக்கலாம். கழற்றிய சுருளைச் சாவிக்கொத்து கிடக்கிற கால்சட்டைப் பையில் போடுவதும் தவறு. அந்தத் தவறுக்குத் தண்டனை உடனே, அதே இடத்தில் கிடைக்கும்.

பழைய தகரத் துப்பாக்கி இரண்டு பாதிகளால் ஆனது. ஒரு பாதியின் ஓரத்து நாக்குகள் மறுபாதியின் துளைகளில் நுழைந்து மடங்கியிருக்கும். இந்த நாக்குகள் ஓரிரு முறை நிமிர்த்தினால் பொறுத்துக்கொள்ளும், பிறகு ஒடியும். ஒடிந்த இடத்தில் கட்டுக்கம்பி சுற்றுவது மரபு. எம்-சீல் வைப்பது சமீபகால வழக்கம். அது பிரமாதமாகப் பிடிக்கும், உள்ளே வழிந்திருந்தால் குதிரையையும் சேர்த்து. அதன்பின் அது துப்பாக்கி அல்ல, காகிதம் பறக்காமல் வைக்க உதவும் எடை.

உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. விசையை இழுத்தால் குதிரை பின்னால் போகும்; சிறிய கொக்கி ஒன்று சுருளை ஒரு பொட்டு அளவு மேலே தள்ளும்; குதிரை விடுபட்டுப் பொட்டின்மேல் விழும். சத்தம் வராவிட்டால் ஒரு பொட்டைக் கிழித்துத் தரையில் வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு, கல்லால் தட்டிப் பார்க்க வேண்டும். வெடிக்காவிட்டால் கேப்பு நமத்துவிட்டது, துப்பாக்கி நிரபராதி. இந்தச் சோதனையை முதலில் செய்வோர் அரிது. முழுவதும் பிரித்துப் போட்டுத் திருகு ஒன்றைத் தொலைத்தபிறகே இது ஞாபகம் வரும்.

கேப்பு நல்லதாக இருந்தும் சத்தம் இல்லை என்றால், குதிரை இரண்டு பொட்டுகளுக்கு நடுவே வெறும் தாளில் விழுகிறது என்று பொருள். கொக்கியின் பல் தேய்ந்திருக்கும். நகவெட்டியில் உள்ள அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் கூர்மை திரும்பும். சரியான இடத்தில் விழுந்தும் வெடிக்கவில்லையா, ஸ்ப்ரிங் தளர்ந்துவிட்டது. உடனே பால்பாயின்ட் பேனாவின் ஸ்ப்ரிங்கைப் போடுவார்கள். அதன் பலம் ரீஃபிலைத் தள்ளுவதற்கானது, பாஸ்பரஸைச் சீண்டப் போதாது. நூற்பாலை ஊரான ராஜபாளையத்தில் உதிரிபாகக் கடைகளுக்குக் குறைவில்லை. பழைய ஸ்ப்ரிங்கைக் கையோடு கொண்டுபோய் அதே தடிமனில் கேட்கலாம். எதற்கு என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது உத்தமம். பெரிய மனிதர் ஒருவர் கூச்சத்தில் "மிஷினுக்கு" என்றால், எந்த மிஷின், எந்த மாடல் என்று அடுத்த கேள்வி வரும்.

கடைசியாகச் சோதனை. வாசலில், கையை நீட்டிப் பிடித்து, ஆள் இல்லாத பக்கமாக. பக்கத்தில் படுத்திருக்கும் ராஜபாளையம் நாய் அசையவில்லை என்பதை வைத்துப் பழுது நீங்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அந்த வெள்ளை இனத்தில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தாத்தா திரும்பிப் பார்க்கிறாரா என்பதும் நம்பத்தக்க அளவுகோல் அல்ல.

தீபாவளி முடிந்த அன்றே மறுபடி வெந்நீர், மறுபடி எண்ணெய். பாலிதீன் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும். செய்தித்தாளில் சுற்றினால் போதும். மீந்த கேப்புச் சுருளைத் துப்பாக்கிக்குள் விடாமல் தனியாக வைக்க வேண்டும். எங்கே வைத்தோம் என்பதையும் அந்தச் செய்தித்தாளிலேயே எழுதி வைக்கலாம்.