அரைப்பேர்

தேயிலை மலைக்குள் பல்கலைக்கழக பஸ் வந்து நின்றதும் முதலில் இறங்குவது மாணவர் அல்ல. பனர். ‘அனுபவவழிக் கற்றல்’ என்று மூன்று மொழியிலும் அச்சடித்த பனர். அதை எந்த மரத்தில் கட்டினால் படத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் விழாது என்று பெரியவர்கள் கூடி ஆராய்வார்கள். அன்றைய தினத்தில் உண்மையாக நடக்கும் ஆராய்ச்சி அது ஒன்றுதான்.

பிறகு கற்றல் ஆரம்பம். கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கும் ஒரு அக்காவின் தலையிலிருந்து கூடையைக் கழற்றி ஒரு மாணவியின் தலையில் மாட்டுவார்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. நாலு கிள்ளு. படம். கைதட்டல். கூடை மறுபடி அக்காவிடம். அந்த நேரத்தில் அக்கா எடுக்காமல் விட்ட கொழுந்துக்கு யார் கணக்கு? பல தோட்டங்களில் 18 கிலோ கேட்கிறார்கள். தராசில் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். ‘விருந்தாளிப் பிள்ளைகள் வந்தார்கள் ஐயா’ என்றால் சம்பளம் பதியும் செக்ரோலில் அதற்கென்று பத்தி கிடையாது. மாணவிக்கு முழுப் புள்ளி. கற்றுக்கொடுத்தவருக்கு அரைப்பேர்.

அடுத்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. வாட்டுவது, அரைப்பது, புளிக்கவைப்பது, காயவைப்பது, சலிப்பது எல்லாம் காட்டி முடித்து, நல்ல பீஓபி தேநீர் ஒரு கோப்பை. லயத்துக்குப் போவது அந்த ரகமல்ல, டஸ்ட். இந்தப் பாடத்தை யாரும் நடத்துவதில்லை. நேரமில்லை, பஸ் லிப்டன்ஸ் சீட்டுக்குப் போகவேண்டும். ஹப்புத்தளை மலை உச்சியில் தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம். இன்றைக்கும் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்தவருக்கு மலை உச்சியில் சிலை. அதே மலையில் நாள் முழுக்க நின்றவர்களுக்கு ஒரு பலகைகூட இல்லை. பிள்ளைகள் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். களப்பயணம் இனிதே நிறைவு.

மாணவர்களைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. பதுளையிலேயே, பசறை வீதியில், 2005-இல் வர்த்தமானி மூலம் பிறந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. நாட்டின் இயற்கை வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பது என்பதே அதன் கொள்கை. தேயிலைத் தொழினுட்பத்துக்குத் தனிப் பட்டம் உண்டு. தொழிற்பயிற்சி உண்டு. நல்ல காரியம், கிண்டல் இல்லை. ஆனால் ஒன்று கேட்கவேண்டும். இலைக்குப் பெறுமதி சேர்க்கப் பாடம் இருக்கிறது. இலையைக் கிள்ளும் கைக்குப் பெறுமதி சேர்ப்பது நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பீடத்தில்? முப்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவருக்கு, வெட்டு எங்கே விழுந்தால் செடி பிழைக்கும், எங்கே விழுந்தால் பட்டுப்போகும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும். அவருக்கு விரிவுரை மண்டபத்தில் நாற்காலி இல்லை. அவரைப் பற்றி பவர்பாயின்ட் இருக்கிறது.

வகுப்பறைக்கு வெளியே கற்பதை நேற்றுத்தான் கண்டுபிடித்தவர்கள் மாதிரிப் பேசுகிறோம். இலவசக் கல்வி 1945-இல் வந்தது. தோட்டப் பள்ளிகளை அது எட்டிப் பார்க்கவில்லை. அரசாங்கம் அவற்றைக் கையேற்க எழுபதுகள் வரை ஆனது. அதுவரை லயத்துப் பிள்ளைகளில் அநேகர் கற்றது மலையில்தான். அட்டைக்கடி, பனி, கங்காணியின் ஏச்சு எல்லாமே அனுபவவழிக் கற்றல். சான்றிதழ்தான் யாரும் கொடுக்கவில்லை.

சான்றிதழ் இல்லாவிட்டாலும், அறிக்கை எழுதுவதில் நமக்குக் குறையே கிடையாது. கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டம். அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அங்கிருந்து எடுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலேயே எச்சரித்தது. 2011-இல் மறுபடியும் எச்சரித்தது. படித்தவர்கள் மலைக்குப் போனார்கள், பார்த்தார்கள், சரியாகவே எழுதினார்கள். களஆய்வு முதல்தரம். அதற்குப் பிறகு காகிதம் மட்டும் பத்திரமான இடத்துக்குப் போனது. மக்கள் லயத்திலேயே இருந்தார்கள்.

2014 செப்டெம்பர் 20, ஊவா மாகாண சபைத் தேர்தல். அத்தனை கட்சியும் மலையேறியது. எந்த லயத்தில் எத்தனை வாக்கு என்று எல்லாருக்கும் விரல்நுனியில் தெரிந்தது. எந்த லயத்துக்கு மேலே மண் நகர்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் 29-ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை இறங்கியது. வரிசை வரிசையாக லயங்கள் புதைந்தன. காலையிலேயே பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள், தாய் தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு. ஆக, மீரியபெத்தையில் பிள்ளைகளைக் காப்பாற்றியது வகுப்பறை. வெளியே இருந்தவர்களுக்குத்தான் செயன்முறைப் பாடம் நடந்தது.

இதையும் அனுதாபப் பயணமாக்கத் தெரிந்த நாடு இது. கமராக்கள் வந்தன. அமைச்சர்கள் வந்தார்கள். இரண்டு தடவையும் எச்சரிக்கை யார் மேசையில் தூங்கியது என்ற கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை. தோட்டத்தைக் கேட்டால் அரசாங்கம் என்கிறது. அரசாங்கத்தைக் கேட்டால் கம்பெனி என்கிறது. 1992-இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தபோது லாபம் யாருக்கு என்பது தெளிவாக எழுதப்பட்டது. மண் சரிந்தால் யாருக்கு என்பது இன்றுவரை பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

எனவே பல்கலைக்கழகங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த தடவை பஸ்ஸைக் கொழுந்து மலைக்கு விடவேண்டாம். பதுளைக் கச்சேரிக்கு விடுங்கள். பிறகு கொழும்பில் கம்பெனித் தலைமையகங்களுக்கும் அமைச்சுகளுக்கும் விடுங்கள். அங்கே பிள்ளைகள் கோப்புகளைக் கிள்ளிப் பழகட்டும். செயன்முறைப் பரீட்சைக்கு ஒரே வினா: 2005-க்கும் 2014-க்கும் இடையில் அந்த எச்சரிக்கை கிடந்த மேசைகளைப் பட்டியலிடுக, ஒவ்வொரு மேசைக்கும் பின்னால் இருந்தவரின் பதவியைத் தருக. விடை கொண்டுவராதவர்களுக்கு அரைப்பேர். நடத்தமுடியாது என்று சொல்ல அமைச்சிடம் காரணம் தயாராகவே இருக்கும். 2022-இல் பாடசாலைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்களே, கடதாசி இல்லையென்று.