அழுகிற பிள்ளைக்கு எந்த அருவி?

கேள்வி: சின்னக் குழந்தைகளோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும் குடும்பம், குற்றாலத்தில் எங்கே குளிக்கலாம்?

பதில்: ஊர் சுற்றும் குடும்பத்தைக் குற்றாலம் பார்க்காததா! மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி நூலில் வரும் குறத்தி சிங்கியும் அவள் கணவன் சிங்கனும் நாடெல்லாம் திரிந்தவர்கள்தாம்.

பிள்ளைகளுக்கு ஏற்றது புலியருவி. உயரம் குறைவு, வேகமும் குறைவு. பேரருவியைக் கண்டு மிரண்டு அழுத பிள்ளை, இங்கே கிளம்பமாட்டேன் என்று அழும். பேரருவியின் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளம் வேகத்தைத் தணித்து அனுப்பினாலும், பிஞ்சுத் தலைக்கு அந்த அடி அதிகம்.

சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் சாரல், குளிக்காதவரையும் நனைத்துவிடும்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. மலை உச்சியில் பெய்யும் மழை, கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது. காவலர் விசில் ஊதினால் துண்டு, சோப்பு எல்லாம் கிடக்கட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட வேண்டும்.

செண்பகாதேவி அருவியும் தேனருவியும் காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதியின்றிப் போக முடியாது.